பேறுகால வீட்டை நடத்துவது எப்படி? முதல் மூன்று மாதத்துக்கு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமங்களில் பேறுகால வீடுகளுக்குப் போய்வருவது என் வேலை. பிள்ளை பெற்ற வீட்டில் ஆளுக்குக் குறைவிருக்காது. ஆச்சி இருப்பாள், அத்தை இருப்பாள், மைனி இருப்பாள். அத்தனை பேர் இருந்தும் எதை முதலில் செய்வது, யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் வீடு தடுமாறும். தாய்க்கும் பிள்ளைக்கும் வருகிற கோளாறுகளில் பல அந்தத் தடுமாற்றத்தில்தான் முற்றுகின்றன.

கீழே உள்ளதை வரிசைப்படி செய்யுங்கள். தாயைக் கவனிக்கும் ஏற்பாட்டைப் பிறக்கும் முன்பே செய்துவிட வேண்டும். தாய் வயிறாரச் சாப்பிட்டு, ஓரளவு தூங்கி, வலி அடங்கி இருந்தால் பிள்ளையின் பிரச்சினை பாதி குறைந்துவிடும்.

1. ஒன்பதாம் மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை

முதலில், எந்த வீட்டில் எத்தனை மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். மூன்றாம் மாதமா ஐந்தாம் மாதமா திரும்புவது, மாப்பிள்ளை எப்போதெல்லாம் வந்து தங்குவது என்பதை இப்போதே பேசுங்கள். பிள்ளை பிறந்த பிறகு இதே பேச்சை எடுத்தால் மானப் பிரச்சினையாகிவிடும், நடுவில் அவதிப்படுவது பச்சை உடம்புக்காரி.

அடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே போவது. 24 மணி நேரமும் செவிலியர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் எது, குழந்தை மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய ஆபத்துக்கு நம் மாவட்டத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை, 102 தாய் சேய் ஊர்தி ஆகிய எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பேறுகாலம் வருகிறதென்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்குப் போக்குவரத்தே நின்றது. வாய்க்கால் தாண்டி, தரைப்பாலம் தாண்டி வீடு இருந்தால், நாள் நெருங்கும்போது ரோட்டோரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முடிவை யார் எடுப்பது? பல வீடுகளில் தாய் தன் அம்மாவிடம் சொல்ல, அம்மா மருமகனுக்குப் போன் போட, மருமகன் தன் அம்மாவிடம் கேட்க, அதற்குள் விடிந்துவிடும். ஆகவே ஒரே விதி வையுங்கள்: பிள்ளை பெற்றவளோ அவளோடு படுத்திருக்கிறவளோ “போகணும்” என்று சொன்னால் கிளம்பிவிட வேண்டும். மற்றவர்களுக்கு வண்டியில் ஏறிய பிறகு தகவல் சொன்னால் போதும். இதை இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் இருக்கும்போது மாப்பிள்ளை தன் வாயால் சொல்லிவிடுவது நல்லது. அவர் சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல வரமாட்டார்கள்.

வாங்கிவைக்க வேண்டியவை கொஞ்சம்தான். டிஜிட்டல் தெர்மாமீட்டர், தாய்க்குப் பெரிய அளவு பேடு, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி, ஒரு நோட்டு. பால் புட்டியும் பால் பவுடரும் “ஒரு பாதுகாப்புக்கு” என்று வாங்கிவைக்காதீர்கள். வீட்டில் இருந்தால் முதல் ராத்திரி அழுகையிலேயே யாராவது கரைத்துவிடுவார்கள்.

2. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

வீட்டுக்குப் போகிற அவசரத்தில் விட்டுப்போவதைத்தான் இங்கே சொல்கிறேன். பிறந்த எடை டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பின்னால் எடை கூடுகிறதா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ்-பி என்ற கிருமியால் வரும் மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். கடைசி ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

தாயின் ரத்த வகை நெகட்டிவ், பிள்ளையின் வகை பாசிட்டிவ் என்றால் தாய்க்கு ‘ஆன்டி-டி’ ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறினால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. பிள்ளைக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் அங்கேயே உண்டா என்று விசாரியுங்கள். பிறவித் தைராய்டு குறையை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்காது.

கடைசியாக, ஒரு செவிலியரை நிற்கவைத்து, அவர் பார்க்க ஒரு தடவை முழுதாகப் பால் கொடுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையத்தோடு சேர்த்துக் கவ்வுகிறதா என்பதை அவர் பார்த்துத் திருத்திவிட்டால், அடுத்த பத்து நாள் பாதி அழுகை மிச்சம்.

3. முதல் பத்து நாள்: பால்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். அதற்கு முன்னால் சேனைத் தண்ணீர் (பெரியவர் ஒருவர் விரலால் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்) வேண்டாம். “நல்ல குணமுள்ளவங்க கையால சேனை வச்சாத்தான் பிள்ளைக்கு அந்தக் குணம் வரும்” என்பது பெரியவர்கள் நம்பிக்கை. அதை அவமதிக்கத் தேவையில்லை. சேனை வைக்க இருந்த பெரியவர் கையில் பிள்ளையை முதலில் கொடுங்கள், ஆறு மாதம் முடிந்து முதல் சோற்றை அவர் கையால் ஊட்டச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீர் விரலோடு கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும், பசியையும் கெடுக்கும்.

முதல் நாள் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் பால் வரும். பிள்ளைக்கு அது போதும். மூன்றாம் நான்காம் நாளில்தான் மார்பு கனத்துப் பால் இறங்கும். ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சற்றுத் தாமதமாகலாம். இந்த இடைவெளியில்தான், “பால் பத்தலை போலுக்கு, பவுடர் வாங்கிட்டு வாங்க” என்று வீட்டில் குரல் எழும். நான் பார்த்த தவறுகளில் அடிக்கடி நடப்பது இது. பவுடர் பால் உள்ளே போனால் பிள்ளை மார்பைச் சப்பும் நேரம் குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். பால் சுரப்பதற்கு முக்கியக் காரணம் மார்பு காலியாவதுதான். பால்சுறாப் புட்டும் பூண்டும் பிடித்தால் சாப்பிடட்டும், நல்ல சாப்பாடு. ஆனால் சப்பக் கொடுக்காமல் அவற்றை மட்டும் நம்பக்கூடாது.

கவ்வவைக்கும் முறை இது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேரே இருக்கட்டும். மேல் உதட்டைக் காம்பால் தொட்டால் வாய் கொட்டாவிபோல விரியும். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக் குனியாதீர்கள். தாடை மார்பில் புதைந்து, கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தால் சரி. முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலி நீடித்தால், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி கவ்வவையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கொடுத்தால் இரண்டாம் நாளே காம்பு வெடிக்கும்.

நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை அரை மணிக்கொரு தடவை கேட்கும் பிள்ளைகள் உண்டு. அதைப் பால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போதுமா போதாதா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், மூத்திரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பால் போதும். இதற்குத்தான் நோட்டு. முதல் வாரத்தில் எடை நூற்றுக்குப் பத்து பங்குவரை இறங்கலாம். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடும். ஐந்தாம் நாளுக்கு மேலும் மூத்திரம் குறைவு, நிறம் அடர்மஞ்சள், எடை ஏறவில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஆலோசனை கேட்காமல் டாக்டரிடம் போங்கள். அப்போது அவர் பவுடர் பால் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், அதில் தாய்க்கு எந்தக் குற்றமும் இல்லை.

சித்திரை வெயிலிலும் ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெயில் காலத்தில் கூடுதலாக இரண்டு தடவை பால் கொடுத்தால் போதும்.

4. தாயின் சாப்பாடு, தண்ணீர், நடமாட்டம்

களக்காடு பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பெற்று ஆறாம் நாள் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தட்டில் வடித்த சோறு, மேலே பூண்டுக் குழம்பு கொஞ்சம், சுட்ட அப்பளம். பக்கத்தில் அரை டம்ளர் சுடுதண்ணீர், அதுவும் “சாப்பிட்டு முடிச்ச பொறவு குடி” என்ற உத்தரவோடு. கதவு, ஜன்னல் அடைத்து, ஃபேனும் நிறுத்தியிருந்தது. அவள் நாக்கு வறண்டு வெள்ளையாக இருந்தது. வெளிக்குப் போய் நான்கு நாளாயிற்று என்று அம்மா இல்லாதபோதுதான் சொன்னாள்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், புண் சீழ் பிடிக்கும் என்பது தவறு. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, முக்கி முக்கித் தையல் வலிக்கும், மூத்திரக் கடுப்பு வரும். எளிய வழி: பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் தாய் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ கொடுப்பது வீட்டிலிருக்கும் வேறொருவர் பொறுப்பு. அவளே எழுந்து எடுக்க வேண்டும் என்றிருந்தால் எடுக்கமாட்டாள்.

பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). ஏறத்தாழ ஒரு நேரச் சாப்பாடு அது. நம் சமையலிலேயே அதற்கு வழி இருக்கிறது. நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி, முருங்கைக்கீரைப் பொரியல், புளியில்லாக் கறி, முட்டை, சாளை மீன், பருப்பு, பழம். பத்தியம் என்ற பெயரில் பழத்தையும் கீரையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பேறுகால லேகியமும் கருப்பட்டியும் அளவோடுதான். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

இரும்புச்சத்து மாத்திரை பேறுகாலத்துக்குப் பின்னும் 180 நாள் உண்டு, சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரியுங்கள். காபி, டீ குடித்த உடனேயும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

முதல் நாளிலிருந்தே அறைக்குள் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வேதுத் தண்ணியில் குளிப்பதில் தப்பில்லை, நொச்சி வாசனையில் உடம்பு லேசாகும். ஆனால் கொதிக்கக் கொதிக்க அடிவயிற்றில் ஓங்கி ஊற்றுவது கூடாது. தலை சுற்றி விழுந்தவர்களும் தோல் வெந்தவர்களும் உண்டு. ஆபரேஷன் செய்தவர்களுக்கு டாக்டர் சொல்லும்வரை வயிற்றில் எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

5. ராத்திரி முறையும் வேலைப் பங்கும்

எல்லோரும் ராத்திரி முழுக்க விழித்திருந்தால் மூன்றாம் நாள் எல்லோரும் எரிந்து விழுவார்கள். முறை வையுங்கள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை ஆச்சி, அதன் பின் மாப்பிள்ளையோ சித்தியோ. முறைக்காரர் பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து, பால் குடித்ததும் வாங்கி, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தாய் பால் கொடுப்பதோடு சரி. முதல் மாதத்தில் தாய்க்கு நாளில் ஒரு தடவையாவது சேர்ந்தாற்போல நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும். பாலூட்டிய கையோடு பகலில் அவள் தூங்கும்போது யாரும் எழுப்பக் கூடாது. வந்த விருந்தாளிக்காகக்கூட எழுப்பாதீர்கள்.

மாப்பிள்ளை சென்னையிலோ, பம்பாயிலோ, வளைகுடாவிலோ இருந்தால்? நம் பக்கம் பாதி வீடு அப்படித்தான். போனில் செய்ய முடிகிற வேலைகளை அவரிடம் கொடுங்கள்: தடுப்பூசித் தேதி நினைவுபடுத்துவது, மருந்து வாங்கப் பணம் அனுப்புவது, தன் வீட்டாருக்குத் தானே பதில் சொல்வது. மாப்பிள்ளைகளே, தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் “பிள்ளையைக் காட்டு” என்று தொடங்காமல், “நீ சாப்பிட்டியா, தூங்கினியா?” என்று கேளுங்கள். நாள் முழுக்க யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் வையுங்கள், வாசலில் ஒரு ஆளையும் வையுங்கள். கை கழுவாமல் தொடக்கூடாது, முத்தம் கூடாது, சளி காய்ச்சல் உள்ளவர் உள்ளே வரக்கூடாது. “பிள்ளைக்கு நாப்பது நாள் ஆகட்டும் சித்தி, இப்போ தூரத்துல இருந்து பாருங்க” என்பதை ஆச்சி சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். மருமகள் சொன்னால் ஊர் முழுக்கப் பேச்சாகும். அதனால் ஆளைப் பார்த்து வேலையைக் கொடுங்கள்.

“பிள்ளை மெலிஞ்சுல்லா இருக்கு”, “பொட்டப்பிள்ளையா, சரி அடுத்தது பாப்போம்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெற்றவள் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியவர் புருஷன் அல்லது மாமியார். மாமியார் ஒரு வார்த்தை, “எங்க வீட்டு லெச்சுமி” என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் பல நாள் அதை நினைத்துச் சந்தோஷப்படுவாள்.

மூத்த பிள்ளை இருந்தால், அதற்கென்று தினமும் கொஞ்ச நேரம், கைப்பிள்ளை பக்கத்தில் இல்லாமல், அம்மா மட்டும். மறுபடி படுக்கையில் மூத்திரம் போவது, அடம் பிடிப்பது எல்லாம் சில வாரத்தில் அடங்கும்.

தூங்கவைப்பது எப்போதும் மல்லாக்க. பத்தமடைப் பாயில் பருத்தித் துணி விரித்தால் போதும். தலையணை, மெத்து மெத்தென்ற விரிப்பு, முகத்துக்குப் பக்கத்தில் துணிச்சுருள் வேண்டாம். சேலைத் தொட்டிலில் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சுக்குழல் குறுகும்.

பீடி சுற்றுகிற வீடுகளுக்கு ஒன்று. முக்கூடல், பாப்பாக்குடி பக்கமெல்லாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பார்க்கிறேன். புகையிலைத் தூள் பிள்ளை மூச்சில் போகும், கையில் ஒட்டியது மார்பிலும் பிள்ளை வாயிலும் படும். பிள்ளை படுக்கும் அறையில் தட்டு வேண்டாம். பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்துணியும் மாற்றுங்கள்.

6. வீட்டு வைத்தியத்தில் எதைத் தொடரலாம், எதை நிறுத்தணும்

தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உருவிக் குளிப்பாட்டுவது நல்லதுதான், தொப்புள் விழுந்த பிறகு. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது, நுரையீரலுக்குப் போனால் சளிக்காய்ச்சலாகும். தலையை அழுத்தி உருண்டையாக்குவது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது இரண்டும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால், தானே வற்றும். பிதுக்கினால் சீழ்க்கட்டி வரும்.

தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்திருந்தால் தானே விழும், பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள்.

உரமருந்து (கல்லில் உரசிக் கொடுக்கும் நாட்டு மருந்து), வசம்புத் தண்ணி, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதத்துக்கு முன் வாயில் போகக்கூடாது. உரசிய கல்லில் ஒட்டிய கிருமி போதும், வயிற்றுப்போக்கு வந்துவிடும். கண்ணில் மையும் வேண்டாம். கண்ணேறு படக்கூடாதென்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள், ஆச்சி மனசும் ஆறும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளை இருக்கும் அறைக்குள் போடாதீர்கள்.

பிள்ளை தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். தொண்டைக்குள் ஊதுவதிலும் விரல் விடுவதிலும் காயமாகலாம், தொற்று வரலாம். அதைவிடப் பெரிய கேடு, நிஜமான நோய்க்கு ஆஸ்பத்திரி போகிற நேரம் அங்கே போய்விடுவது.

ஆச்சியிடம் “இதெல்லாம் கூடாது” என்று அடுக்கினால் சண்டைதான் வரும். ஒன்றை நிறுத்தும்போது இன்னொன்றை அவள் கையில் கொடுங்கள். உரமருந்து உரசிய கை, எண்ணெய் தேய்க்கட்டும், தாலாட்டட்டும், ராத்திரி ஏப்பம் விடவைக்கட்டும். தனக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் விட்டுக்கொடுப்பாள்.

7. பிள்ளை: எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓட வேண்டும்

விக்கல், தும்மல், பால் கக்குவது, உடம்பில் முதல் வாரம் வரும் சிவப்புப் புள்ளி, மூக்கில் வெள்ளைப் புள்ளி, பெண் பிள்ளைக்கு முதல் வாரம் லேசான ரத்தக்கசிவு, பால் குடிக்கும்போதெல்லாம் மஞ்சளாக வெளிக்குப் போவது, ஒரு மாதத்துக்கு மேல் சில நாள் போகாமல் இருந்து பிறகு இளக்கமாகப் போவது. இவை எல்லாம் இயல்பு. அழுகை ஆறாம் வாரம் போல உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் பிள்ளையைக் குலுக்கக்கூடாது, மூளையில் ரத்தம் கசியும். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

மஞ்சள் காமாலை தனியாகச் சொல்லவேண்டியது. இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் மஞ்சளாவது பல பிள்ளைகளுக்கு வரும், தானே போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சளானால், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினால், பிள்ளை துவண்டு பால் குடிக்காமல் தூங்கினால், இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், மலம் சுண்ணாம்புபோல வெளுத்தால், அன்றே ஆஸ்பத்திரி. காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அளவு கூடிய காமாலைக்கு ஆஸ்பத்திரியின் நீல விளக்குச் சிகிச்சைதான் தீர்வு, வெயில் அதற்கு ஈடாகாது. மஞ்சளைப் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் நெஞ்சுத் தோலை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். டியூப் லைட்டில் ஏமாந்துபோவோம்.

நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டியவை: அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று மாதத்துக்குள் எந்தப் பிள்ளைக்கானாலும்; கை கால் வயிறு எல்லாம் சில்லிட்டுப் போவது; பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது; அழாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது; உதடு நீலமாவது; வலிப்பு; பச்சை நிற வாந்தி; தொப்புளைச் சுற்றிச் சிவந்து நாற்றம். சின்னப் பிள்ளைக்கு நோய் வேகமாக முற்றும், அதனால் “காலைல பாப்போம்” இங்கே செல்லாது. போகும் வழியில் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து மேலே துணி போர்த்துங்கள், சூடு இறங்காது.

8. தாய்: மறைக்கக்கூடாத அறிகுறிகள்

பிள்ளைக்கு ஒன்று என்றால் ஊரே ஓடும். தாய் தன் வலியை “பிள்ளை பெத்தா இருக்கத்தானே செய்யும்” என்று விழுங்கிவிடுவாள். வீட்டிலிருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதும் நனைந்தால், எலுமிச்சை அளவு ரத்தக்கட்டி விழுந்தால் 108. பேறுகாலம் முடிந்து பத்து நாள் கழித்தும் இப்படி வரலாம். காய்ச்சலோடு நாற்றமுள்ள போக்கு, தையலில் சீழ், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் அன்றே போக வேண்டும். விடாத தலைவலியோடு கண் மங்குவது ரத்த அழுத்தத்தின் அறிகுறி. கர்ப்பத்தில் அழுத்தம் இல்லாதவர்களுக்கும் பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் இது வரலாம், வலிப்பில் கொண்டுபோய் விடலாம். தூக்கமில்லாத தலைவலி என்று தைலம் தேய்த்துவிட்டு உட்காராதீர்கள்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து கட்டி, காய்ச்சல் வந்தால் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. காலியாக்குவதுதான் மருத்துவத்தில் பாதி. ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டர்.

9. மனசு

மூன்றாம் நாள் போலக் காரணமில்லாமல் அழுகை வரும், சிரிப்பும் வரும். பெரும்பாலான தாய்மாருக்கு வந்து இரண்டு வாரத்தில் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், புத்திமதி வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. பிள்ளையைத் தூக்கவே தோன்றாமல் போவது, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராதது, “நான் நல்ல அம்மா இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொல்வது, செத்துப்போகலாம் என்ற எண்ணம். கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இந்த இரண்டு வாரத்தில் மனசு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? முன்னே பிடித்ததில் இப்போது ஆசை இல்லாமல் போயிற்றா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் பேசுங்கள். 14416 எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு, அதற்காக மருந்தை மறுக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல் நிறுத்தாமல் பேசுவது, யாரோ காதில் சொல்கிறார்கள் என்பது, இது என் பிள்ளையே இல்லை என்பது, எல்லோரையும் சந்தேகப்படுவது எல்லாம் பேறுகால சன்னி. காத்துக்கருப்பு என்று கோடாங்கியைத் தேடி ஒரு ராத்திரிகூட வீணாக்காதீர்கள். பிள்ளையோடு அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சை கொடுத்தால் முழுதாகக் குணமாகிற நோய் இது.

தகப்பனுக்கும் மனச்சோர்வு வரும். கோபமாகவோ குடியாகவோ வெளிப்படும். அவரிடமும் யாராவது கேட்க வேண்டும்.

10. 42ஆம் நாள்: ஒரே நடையில் முடிக்கலாம்

பிள்ளைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசியும் தாய்க்கு மறுபரிசோதனையும் ஒன்றாக வருகின்றன. நம் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. பிள்ளைக்கு ஊசி போட்டதும் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள், தாயைப் பார்க்காமலே. அவளுக்கு ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தையல் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனை இப்போது அவசியம். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று விட்டவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வந்திருக்கிறது.

ஊசிக்குப் பின் இரண்டு நாள் லேசான காய்ச்சல் வரலாம், மேலே சொன்ன 100.4 டிகிரியைத் தாண்டினால் ஆஸ்பத்திரிதான். செவிலியர் சொன்ன அளவில் மட்டும் மருந்து கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எதையும் தேய்க்க வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கான இடைவெளியும் அன்றே பேச வேண்டியது. மாதவிலக்கு திரும்பும் முன்பே கர்ப்பம் தரிக்கலாம். பால் கொடுக்கிறோமே, ஒன்றும் ஆகாது என்று இருந்து நான்காம் மாதமே கர்ப்பமாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி வேண்டும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கொரு அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற கருத்தடை முறைகள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கணவனும் உடன் இருக்கும்போது கேளுங்கள்.

காகித வேலை: பிறப்புப் பதிவு 21 நாளுக்குள். பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. பெயரின் எழுத்தும் பெற்றோர் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள், பள்ளியில் சேர்க்கும்போது அலைச்சல் மிச்சம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பேறுகளுக்கு மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தாய் பெயரில் வங்கிக் கணக்கும் சரியாக இருந்தால்தான் தவணை வரும்.

11. மாமியார் வீட்டுக்கு, அல்லது வேலைக்குத் திரும்பும்போது

வீடு மாறும் வாரத்தில் பிள்ளை அதிகம் அழும், தாயும் சோர்வாள். அந்த வாரத்தில் பெயர் சூட்டு, கோயில், விருந்து எதையும் வைக்காதீர்கள். அங்கே ராத்திரி முறை யார் யார் என்று போவதற்கு முன்பே மாப்பிள்ளை தன் வீட்டில் பேசிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், அம்மா வீட்டில் நான்கு பேர் பார்த்த வேலை ஒருத்தி தலையில் விழும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு, சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே பால் பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சிறு கிண்ணம்) கொடுத்துப் பழக்குங்கள். நம் வெயிலுக்கு வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் அதற்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக்கும்போது அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வையுங்கள்.

கிளம்பும் பையில் தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் தாள், எடை எழுதிய நோட்டு மூன்றும் மேலேயே இருக்கட்டும். பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் ஊசிகளை எந்த ஊரிலும் போடலாம், அட்டையைக் காட்டினால் போதும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.